குழாயில்தான் தண்ணீர் வருகிறதே

மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியைத் தேடி அலைகிற இனம் ஒன்று நம்மிடையே இருக்கிறது. மருத்துவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் பாட்டுக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்; இருமிக்கொண்டு நாம்தான் போவோம். நான் சொல்கிற இனத்துக்கு முதலில் தீர்வு பிறந்துவிடும், பிரச்சினை அதற்கப்புறம்தான் பிறக்கவேண்டும். பிறக்கத் தாமதமானால் இவர்களே போய்ப் பிரசவம் பார்ப்பார்கள். தெருத்தெருவாகப் போய், கதவு கதவாகத் தட்டி, "உங்களுக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் முகத்தில் இறங்குகிற துக்கத்தைப் பார்த்து உங்களுக்கே ஒரு கஷ்டம் வந்துவிடும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை நான் முதன்முதலில் சந்தித்தது சிங்கப்பூரின் ஜாலான் புசாரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாளி வாங்கப் போன இடத்தில்.

அப்போது நான் பூன் லேயில் தங்கி, மீன் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் வேலை பார்த்துவந்தேன். பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு, எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். இதை இன்னும் ஓரிரு முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அது ஒரு பழைய ஹார்ட்வேர் கடை. வலது பாதியில் ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட் டப்பா, துடைப்பம், சிமென்ட் மூட்டை எல்லாம் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்க, இடது பாதி மட்டும் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. நடுவில் அலமாரி உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. பெட்டிக்கு மேல் ஒரு விளக்கு. பெட்டிக்குக் கீழ் ஒரு கண்ணாடி ஜாடி. பக்கத்தில், மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையில், நாற்பதைக் கடந்த ஒருவர், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பனைப் போல நின்றிருந்தார். பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

"எந்த ஊரு தம்பி?"

"திருச்சுழி பக்கம், பாய். விருதுநகர் மாவட்டம்."

"அங்க தண்ணிக் கஷ்டம் உண்டா?"

"லாரி வந்தாத்தான் தண்ணி. வராத நாளு சண்டை."

அவர் என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். கண்கள் பளபளத்தன. "அல்ஹம்துலில்லாஹ், அந்த இறைவனுக்கே புகழ்," என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "அதாவது, ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி."

என் ஊர்ப் பெயரைக் கேட்டு முழித்தவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு, அது ஆந்திராவா என்று கேட்டவர்களும் உண்டு. என் ஊர்ப் பெயரைக் கேட்டு ஆனந்தப்பட்டவர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான். அன்று எனக்கு வாளி கிடைக்கவில்லை. வேலை கிடைத்தது.

அவர் பெயர் ரவூப். கீழக்கரையிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா காலம் தொட்டு ஆணி விற்ற குடும்பம். கடையை நடத்துவது அவருடைய அக்கா சாயிரா பானு. ரவூப் பாய் நடத்துவது கடையின் இடது பாதியை. அந்தப் பெட்டியின் பெயர் முகில்-3. ஒன்றும் இரண்டும் என்ன ஆயின என்று நாகரிகம் தெரிந்தவர்கள் கேட்பதில்லை.

பெட்டியின் தத்துவம் எளிது. ஐஸ் போட்ட பண்டோங் ரோஸ்பால் தம்ளரை மேசையில் வைத்தால் அதன் வெளிப்பக்கம் வேர்க்கிறதல்லவா? அந்த வேர்வை எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து. ஜாலான் புசாரின் காற்றை, அதாவது பக்கத்துக் கடை பிரியாணி மணம், லாரிப் புகை, நேற்றைய மழை எல்லாம் கலந்த அந்தக் காற்றை, ஒரு மின்விசிறி உள்ளே இழுக்கும். குளிர்ந்த குழாய்ச் சுருளில் அது வேர்க்கும். வேர்வை வடிகட்டப்பட்டுச் சொட்டுச் சொட்டாக ஜாடியில் இறங்கும். குடிக்கலாம். சுத்தமான தண்ணீர். இதில் பொய் எதுவுமில்லை. நான் படித்த குளிர்பதனப் பாடமே அதுதான்.

இனி, இந்த இனத்தை எப்படி அடையாளம் காண்பது?

முதல் அடையாளம், உங்களைக் குடிக்க வைப்பார். தபால்காரர், டாக்சி ஓட்டுநர், வழி கேட்டு வந்த ஜெர்மானியச் சுற்றுலாப் பயணி, வரி அலுவலகத்து அம்மாள், யாராக இருந்தாலும் ஒரு தம்ளர். நீங்கள் குடிக்கும்போது அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், தொண்டையைப் பார்ப்பார். அது ஏறி இறங்கி நின்றதும், "எப்படி இருக்கு?"

நீங்கள் என்ன சொல்வீர்கள்? பாயசத்துக்குச் சர்க்கரை போதும் என்று சொல்லலாம், பிரியாணிக்குக் காரம் கூடுதல் என்று சொல்லலாம். தண்ணீருக்கு என்ன சொல்வது? கடைக்கு வந்த ஒரு பெயின்டர் நன்றாக யோசித்து, "தண்ணி மாதிரி இருக்கு பாய்," என்றார். பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பெட்டிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ரவூப் பாய் இரண்டு நாள் அந்த மனிதரோடு பேசவில்லை.

இரண்டாவது அடையாளம், மழை. இந்த ஊரில் மழை பெய்தால் எல்லாரும் குடையைத் தேடுவார்கள். இவர் கடைவாசலில் நின்று அதை முறைப்பார். போட்டிக் கம்பெனி பட்டப்பகலில், எந்த விளம்பரமும் இல்லாமல், எல்லா வீட்டுக்கும் இலவசமாகச் சரக்கை வீசிவிட்டுப் போனால் எந்த முதலாளிக்குத்தான் பொறுக்கும்?

மூன்றாவது அடையாளம், பெட்டியை நிறுத்த விடமாட்டார். இரவும் பகலும் ஓடவேண்டும். "நிறுத்துனா அதுக்கு மனசு விட்டுப் போயிடும் தம்பி." கடையில் ஆள் இல்லாத நேரத்தில் காற்று வீணாகிறதே என்ற கவலை வேறு. மின்கட்டண ரசீது வரும் நாளில் சாயிரா அக்காவுக்கும் மனசு விட்டுப் போகும். அதைப்பற்றிக் கவலைப்பட ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான அடையாளம் ஒன்று உண்டு. இந்த இனத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் எமன். அந்த வாக்கியத்தை எல்லாரும் சொல்வார்கள். தம்ளரைக் கீழே வைத்து, வாயைத் துடைத்து, மிகுந்த மரியாதையோடு, கள்ளம் கபடம் இல்லாமல் கேட்பார்கள்:

"குழாயில்தான் தண்ணி வருதே, பாய்?"

வருகிறதுதான். சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அப்படியே குடிக்கலாம். இதற்கு ரவூப் பாயிடம் பதில்கள் அடுக்கடுக்காக உண்டு, வெங்காயம் மாதிரி. உரிக்க உரிக்க யாருக்காவது கண்ணீர் வரும். முதலில், "அது தண்ணி. இது சொல்யூஷன்." அது எடுபடாவிட்டால், "மலையேறப் போறவங்களுக்கு?" இங்கே மலை என்று பெயர் வைத்திருக்கிற மேட்டை ஏறி இறங்கக் கால் மணி நேரம்தான் ஆகும் என்றால், "கப்பல்ல போறவங்களுக்கு?" அதுவும் எடுபடாவிட்டால் கடைசி ஆயுதத்தைக் குரலைத் தாழ்த்தி எடுப்பார். "சரி, குழாய் நின்னுட்டா?"

"நின்னதே இல்லையே பாய்."

"நின்னுட்டா?"

எதிராளி பாவமாகக் குழாயைப் பார்ப்பார். குழாய் நிற்காது.

அப்படியானால் தண்ணீர் இல்லாத ஊருக்கு அனுப்ப வேண்டியதுதானே என்கிறீர்களா? நானும் அந்த நம்பிக்கையில்தான் மீனை விட்டுவிட்டு இவரிடம் சேர்ந்தேன். என் வேலை அனுமதி இவர் கம்பெனி பெயரில் வந்தது. "எம் மகன் சிங்கப்பூர்ல காத்துலேர்ந்து தண்ணி எடுக்கிறான்," என்று அம்மா லாரி வரிசையில் நின்றபடியே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டாள். சேர்ந்த முதல் வாரமே எங்கள் பக்கத்துக் கோடைக்காலக் காற்றின் ஈரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி நாள் முழுக்க மூச்சு வாங்கினாலும் ஒரு வீட்டுக்குக் காணாது. அதற்குள் கரன்ட் போய்விடும். எங்கே காற்றில் ஈரம் கொட்டிக் கிடக்கிறதோ அங்கே குழாயும் நிறைந்திருக்கிறது. எங்கே குழாய் காய்கிறதோ அங்கே காற்றும் காய்கிறது. இதை ரவூப் பாயிடம் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டி, "அப்ப உங்க ஊர்க் காத்தைத்தான் முதல்ல சரி பண்ணணும்," என்றார். இந்த இனத்துக்குத் தோல்வி என்பது இன்னொரு பிரச்சினைதான். பிரச்சினை என்றால் அவர்களுக்குச் சந்தோஷம்தானே?

சாயிரா அக்காவுக்கு அந்தச் சந்தோஷம் இல்லை. தீபாவளிக்கு லிட்டில் இந்தியா முழுக்க விளக்கு கட்டத் தொடங்கிய வாரத்தில், ஏணி கேட்டு வந்தவர்கள் ஏணி வைக்க இடமில்லாத ஹார்ட்வேர் கடையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனதை வரிசையாகப் பார்த்தபிறகு, தம்பியைக் கூப்பிட்டார்.

"ரவூபு. தீபாவளிக்கு முன்னால ஒரு மெஷின் விக்கணும். சொந்தக்காரங்க இல்லாத ஒரு ஆளு, காசு குடுத்து, மனசார வாங்கணும். இல்லேன்னா இந்தப் பெட்டி காராங்கூனிக்குப் போகுது."

காராங்கூனி என்றால் பழைய இரும்பும் பழைய பேப்பரும் எடுக்க வருகிறவர். அவர் வாகனத்தில் முகில்-3 ஏறினால் அதன் பின்னாலேயே கம்பெனியும் ஏறும். கம்பெனி ஏறினால் என் வேலை அனுமதி ஏறும். வேலை அனுமதி ஏறினால் நானும் விமானம் ஏறவேண்டியதுதான், அம்மா நிற்கிற வரிசையில் போய் அவளுக்குப் பின்னால் நிற்க.

"லாத்தா, பைலட் டிரயல் போயிட்டிருக்கு," என்றார் ரவூப் பாய் அக்காவிடம்.

"பைலட்டும் அதே வண்டியில போகட்டும்."

ஆபத்து வந்தால்தான் இந்த இனத்தின் கற்பனைக்குச் சிறகு முளைக்கும். அந்த வாரத்துக்குள் ஒரு நோயாளியைப் பிடித்துவிட்டார். புக்கிட் பாத்தோக்கில் ஒரு மூத்தோர் சங்கம். அதன் தலைவர் அம்பிகைபாகன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாக அலுவலகங்களில் கோப்பு எழுதிய குடும்பம். தாமும் ஓய்வு பெறும்வரை கோப்பு எழுதியவர். பேசும்போதுகூடக் காற்புள்ளி எங்கே விழுகிறது என்று நமக்குக் கேட்கும். "கண்ணால் கண்டால், நம்புவோம். நம்பினால், சங்கத்துக்கு ஒன்று வாங்குவோம்," என்று வாக்குக் கொடுத்தார். பெட்டியை இயக்கிக் காட்ட நாள் குறித்தார்கள்.

எங்கே காட்டுவது? கடையில் வைத்துக் காட்டலாம். வாசல் திறந்தே கிடக்கிறது, மழைக்காலம், பெட்டி ஆனந்தமாகக் கறக்கிறது. ரவூப் பாய் ஒரேயடியாக மறுத்துவிட்டார். இரண்டு கடை தள்ளி இருந்த சின்ன ஹோட்டலில் விருந்து அறையை எடுத்தார். அறையில் ஏர்கான். அதைப் பதினாறில் வைத்தார்.

"பாய், ஏர்கான் வேண்டாம்," என்றேன். "காத்துல இருக்கிற ஈரத்தை அதுவே உறிஞ்சிடும். நம்ம பெட்டிக்கு மிச்சம் இருக்காது."

"தம்பி, நீ படிச்சவன். ஒண்ணு கேக்கிறேன், சொல்லு. தலைவரை வேர்க்க வெச்சு இந்த ஊர்ல யாராச்சும் சாமான் வித்திருக்காங்களா?"

நாலு வருடப் பாடத்திட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. நீங்களும் இந்த ஊரில் ஒரு திருமணத்துக்கோ ஆண்டுக் கூட்டத்துக்கோ போயிருப்பீர்கள். விருந்தினரின் பல் எவ்வளவு வேகமாகத் தந்தியடிக்கிறதோ அவ்வளவுக்கு அவருக்கு மரியாதை நடந்திருக்கிறது என்று அர்த்தம். வெயில் நாட்டில் மதிப்பைக் குளிரால்தான் அளப்பார்கள். ரவூப் பாய்க்கு அம்பிகைபாகன்மேல் இருந்த மதிப்போ பதினாறு டிகிரி.

தலைவர் கோட்டுப் போட்டு வந்தார். உடன் அவர் மனைவி இரஞ்சிதம் அம்மா, வெறுங்கையோடு வரலாமா என்று ஒரு பெரிய டின் நிறைய முறுக்கோடு. தீபாவளிக்குத் தீபாவளி வீட்டிலேயே முறுக்குச் சுட்டு ஆர்டருக்குக் கொடுப்பவர் அவர். புக்கிட் பாத்தோக்கில் பல புளோக்குகளுக்குத் தீபாவளி விடிவதே அவர் அடுப்பிலிருந்துதான். டின்னைச் சாயிரா அக்காவிடம் கொடுத்து, "மூடியை இறுக்கி மூடி வைங்க லா. இந்த மழைக்கு ஒரு ராத்திரி தாங்காது, நமுத்துடும். வருஷா வருஷம் எனக்கு இதே தலைவலி. சுட்டுக் குடுத்து மூணாம் நாளே, அம்மா முறுக்கு ரப்பர் மாதிரி இருக்குன்னு போன் வரும்," என்றார்.

ரவூப் பாய் ஆவலோடு அருகில் வந்தார். "மேடம், உங்க வீட்ல தண்ணிக் கஷ்டம் ஏதாச்சும் உண்டா?"

"இல்லையே. குழாயில வருதே."

அவர் வருத்தத்தோடு விலகிப் போனார். பாருங்கள், ஊரெல்லாம் நோய் தேடுகிற மனிதர்.

ரவூப் பாயின் சொற்பொழிவு நடந்தது. "காற்று உள்ள இடமெல்லாம் தண்ணீர் உண்டு," என்று முடித்து, பட்டுத் துணியை விலக்கி, பொத்தானை அழுத்தினார். பெட்டி முனகியது. எல்லாரும் ஜாடியைப் பார்த்தோம். தலைவர் பார்த்தார், இரஞ்சிதம் அம்மா பார்த்தார், சால்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டு சாயிரா அக்கா பார்த்தார். நான் ஒரு கண்ணால் ஜாடியையும் மறு கண்ணால் சாங்கி விமான நிலையத்தையும் பார்த்தேன். நேரம் போயிற்று. பெட்டிக்குள்ளே சுருளில் பனி பிடித்துக்கொண்டது. குழாய் நுனியில் ஒரு துளி திரண்டது. அது விழுவதாக இருந்தது. விழவில்லை. மேடையில் மாலைக்குக் காத்திருக்கிற பிரமுகர் மாதிரி அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ரவூப் பாய் அதற்கு மட்டும் கேட்கிற குரலில், "வா ராஜா, வா," என்றார்.

இடையில் கழிவறைக்குப் போயிருந்த சாயிரா அக்கா அப்போது திரும்பி வந்தார். செருப்பு நனைந்திருந்தது.

"ரவூபு, வெளியில ஒரு வாளி நிறைஞ்சு வழியுது. சுவத்துலேர்ந்து ஒரு டியூப் வந்து, நிக்காம கொட்டிட்டே இருக்கு. அது உன்னோடதா?"

இல்லை. ஏர்கானோடது.

தலைவர் எழுந்து போய் வாளியைப் பார்த்தார். குனிந்து டியூப்பைப் பார்த்தார். திரும்பி வந்து ஜாடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திரு. ரவூப், காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இயந்திரம் ஒன்று, இந்த அறையில் ஏற்கெனவே இருக்கிறது. அது, குளிரும் தருகிறது."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அவர் கதவைச் சாத்திய அதிர்ச்சியில் அந்தத் துளி விழுந்தது.

அன்று மாலையே முகில்-3 கடையின் பின்னால் இருந்த சரக்கு அறைக்குத் தள்ளப்பட்டது. ஜன்னல் இல்லாத அறை. ஆணிப் பெட்டிகளும் சிமென்ட் மூட்டைகளும் இருட்டும் இருக்கிற இடம். முன்பக்கத்தில் ஏணிகள் எழுந்தன. காராங்கூனிக்காரருக்குத் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை என்று சொல்லியாயிற்று.

"லாத்தா, ஸ்விட்சை மட்டும் ஆஃப் பண்ணாத," என்றார் ரவூப் பாய், கட்டில் அருகே நிற்கிறவர் குரலில். "அதுவரைக்கும் ஓடட்டும்."

"ஓடட்டும். ஓடியே போனாலும் நல்லதுதான்." அக்கா கையிலிருந்த முறுக்கு டின்னை மூட்டைமேல் வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினார். அந்தக் கோபத்தில் டின் மூடியா நினைவிருக்கும்? அது பாதி திறந்தே கிடந்தது. பிறகு தீபாவளி வியாபாரம் தலைக்குமேல் போனதில் டின்னையே மறந்துவிட்டார்.

அந்த நாட்களில் என் உத்தியோகம், நிறைந்த ஜாடியை எடுத்துவந்து தரை துடைக்கும் வாளியில் ஊற்றுவது. பி.இ. மெக்கானிக்கல், முதல் வகுப்பு. அறைக்குள் போகும்போதெல்லாம் காற்று சூடாக, வறண்டு இருந்தது, உதடு காய்ந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. நானும் ஜாடியைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்?

சனிக்கிழமை வந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. காராங்கூனிக்காரரின் ஊதல் சத்தம் பக்கத்துத் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தபோது, குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தவர் இரஞ்சிதம் அம்மா.

"டின் எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன் சாயிரா. வெறும் டின்னா எப்படித் திருப்பறதுன்னுதான் வெச்சிருக்கீங்கன்னு தெரியும். அதெல்லாம் பார்க்காதீங்க. எனக்கு டின் பத்தலை லா."

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது இங்கே எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். சாயிரா அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த டின் வெறுமையாகக்கூட இல்லையே, கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறதே. அவர் பின்னால் ஓட, இரஞ்சிதம் அம்மாவும் பின்னாலேயே போக, நானும் ரவூப் பாயும் அவர்களுக்குப் பின்னால் போனோம்.

மூட்டைமேல், வாய் திறந்தபடி, விளிம்பு வரை முறுக்கோடு டின் இருந்தது.

"ஒண்ணுகூட எடுக்கலையா," என்றார் இரஞ்சிதம் அம்மா. இதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"இல்லம்மா, அது வந்து, அன்னைக்கு இருந்த கோவத்துல..."

"மூடியும் போடலை. இரண்டு வாரம். எல்லாம் நமுத்திருக்கும். தூக்கிப் போடவேண்டியதுதான்." எவ்வளவு பாழாகிவிட்டது என்பதை எங்களுக்கு உணர்த்தவே ஒரு முறுக்கை எடுத்து வாயில் வைத்தார்.

மொறுக்.

ஜன்னல் இல்லாத அறையில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரஞ்சிதம் அம்மா மெல்லுவதை நிறுத்தினார். இன்னொன்றை எடுத்தார், இம்முறை மேலாக, காற்றுப் படுகிற பக்கத்திலிருந்து. மொறுக். சாயிரா அக்கா ஒன்று எடுத்தார். மொறுக். நான் எடுத்தேன். அறையே மொறுமொறுத்தது.

"சாயிரா, இது அன்னைக்குக் கொண்டுவந்த டின்தானே? வேற வாங்கி வைக்கலையே?"

"சத்தியமா இல்லம்மா. எனக்கு இதைத் திறக்கக்கூட நேரமில்ல."

அக்கா சட்டென்று குனிந்து ஆணிப் பெட்டி ஒன்றைத் திறந்தார். ஒவ்வொரு மழைக்காலமும் துருவேறி அவர் மனதைக் குடைகிற அதே ஆணிகள், மாப்பிள்ளைகள் மாதிரிப் பளபளவென்று படுத்திருந்தன. சிமென்ட் மூட்டையை அழுத்திப் பார்த்தார். கட்டி தட்டவில்லை. பிறகு மூவரும் ஒரே சமயத்தில் மூலையில் முனகிக்கொண்டிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தோம். ரவூப் பாய் மட்டும் ஜாடியைப் பார்த்தார்.

"காத்துலேர்ந்து தண்ணியை எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற காத்து காய்ஞ்சுதானே இருக்கும்," என்றேன், கண்டுபிடித்தவன் தோரணையில். முதல் பருவத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

"தம்பி," என்றார் இரஞ்சிதம் அம்மா ரவூப் பாயிடம், "இது என்ன விலை?"

தனது மூன்று அவதாரங்களிலும் முகில் கேட்டிராத கேள்வி. ரவூப் பாய் நிமிர்ந்தார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "மேடம், ஒரு குடும்பத்துக்கு நாள் முழுக்கத் தேவையான குடிநீர்..."

"தண்ணியும் வருமா?" இரஞ்சிதம் அம்மா யோசித்தார். "பரவாயில்ல. ஒரு டியூப் போட்டுக் குடுங்க, வெளியில விட்டுடலாம்."

ரவூப் பாயின் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. மகளுக்கு வரன் பார்க்க வந்தவர்கள், மகள் வேண்டாம், அவள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால் தகப்பன் முகம் எப்படி இருக்கும்?

"இது ஈரம் துடைக்கிற துணி இல்ல மேடம். இது தண்ணி மெஷின். தண்ணிக்காக வாங்கறதா இருந்தா குடுக்கிறேன்."

"எனக்கு எதுக்குத் தம்பி தண்ணி? குழாயில்தான் வருதே."

வாசலில் ஊதல் சத்தம் நின்றது. காராங்கூனிக்காரர் தள்ளுவண்டியோடு உள்ளே எட்டிப் பார்த்தார். சாயிரா அக்கா தம்பியைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். என் பார்வையில் ஒரு விமானச் சீட்டு தெரிந்திருக்க வேண்டும்.

ரவூப் பாய் தம்ளரை எடுத்தார். ஜாடியிலிருந்து ஊற்றி, பிஸ்மில்லாஹ் சொல்லி, நின்று நிதானமாகக் குடித்தார். அவர் தொண்டையை முதல் தடவையாக நாங்கள் எல்லாரும் பார்த்தோம். அது ஏறி, இறங்கி, நின்றது.

தம்ளரைக் கீழே வைத்தபோது அங்கே வேறு மனிதர் நின்றிருந்தார்.

"நான் ஆரம்பத்திலேர்ந்து என்ன சொல்லிட்டிருக்கேன் மேடம்? முறுக்குக்கு முதல் எதிரி காத்து."

எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? யாரும் கேட்கவில்லை. காராங்கூனிக்காரருக்கு ஒரு முறுக்குக் கொடுத்து அனுப்பினோம். இரஞ்சிதம் அம்மா டின்னை எடுத்துக்கொள்ளாமலே போனார், அதை வாங்கிய பெட்டியோடு சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டு. அவர் லிட்டில் இந்தியா ஸ்டேஷனை அடைவதற்குள் ரவூப் பாய் கடை வாசலுக்கும் சரக்கு அறைக்கும் நடக்க ஆரம்பித்துவிட்டார். "அப்பளம், தம்பி. பெருங்காயம். மிளகாய்த்தூள். கேமரா. பட்டுச் சேலை." ஒரு கணம் நின்றார். கண்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரியே பளபளத்தன. "மிருதங்கம்."

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். போகிறபோக்கில் ஒன்று கேட்கட்டுமா? உங்கள் அடுக்களையில் எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற சாதனம் ஒன்று வாங்கி வைத்தீர்களே, வாங்கிய மாதம் எதையெல்லாம் அதற்குள் போட்டீர்கள்? ஒரு யோகாசனம் கற்றுக்கொண்டீர்கள். அதன்பிறகு முதுகுவலி என்று ஒருவர் வாயைத் திறந்ததும் உங்கள் முகம் ஏன் அப்படி மலர்ந்தது? பக்கத்து வீட்டுப் பையன் கணக்கில் தவறிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது, உங்கள் மகனுக்குப் பாடம் சொல்லித்தருகிற மாஸ்டரின் தொலைபேசி எண் உங்கள் நாக்கு நுனியில் எத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தது? அடுத்தமுறை யாராவது தம் கஷ்டத்தைச் சொன்னால், "ரொம்ப வருத்தமா இருக்கு," என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் உள்ளே எழுகிற முதல் சொல் என்ன என்று கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் அந்த இனம்தான், எனக்கு அதற்குப் பட்டமே இருக்கிறது.

ரவூப் பாய் இப்போது சரக்கு அறையில் இருக்கிறார். அக்கா அதை அவருக்கே கொடுத்துவிட்டார். பெட்டியின் பெயர் "மொறுமொறு". முகில் என்ற எழுத்துகள் ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கின்றன. புக்கிட் பாத்தோக்கில் இரஞ்சிதம் அம்மா வீட்டில் ஒன்று ஓடுகிறது. அதன் தண்ணீரை அம்பிகைபாகன் ஐயா டியூப்பில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார். மிருதங்கம் கற்றுத்தருகிற ஒருவரும் வாங்கியிருக்கிறார். நான் இங்கேயே இருக்கிறேன், அம்மா இன்னும் தண்ணீர் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வாரத்தில் ஒரு நாள் பெட்டியைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி ரவூப் பாய் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகிறார். போகும்போது சட்டைக்குள் ஒரு தம்ளர் வைத்திருக்கிறார்.